‘மெயின் ஆஃப்’ என்னும் மூடநம்பிக்கை

கொல்கத்தாவின் ஓட்டல்களிலும் மருத்துவமனைகளிலும் துணி வெளுக்கும் அறை பெரும்பாலும் விருந்தாளியின் கண்ணில் படாத மூலையில்தான் இருக்கும். படிக்கட்டுக்கு அடியில், ஜெனரேட்டர் அறையை ஒட்டி, இல்லையென்றால் தரைக்குக் கீழே. ஐம்பது கிலோ போர்வையை ஒரே தடவையில் வெளுக்கும் வாஷர் ஒன்று பாதிச் சுற்றில் நின்றுபோனால் மிஸ்திரியை அழைப்பார்கள். பின்பக்கத் தகட்டைக் கழற்றுவதற்கு முன் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: ‘மெயின் பந்த்?’ யாரோ ஒரு பையன் ‘பந்த்’ என்பான். அத்தோடு பாதுகாப்பு ஏற்பாடு முடிந்தது.

அந்த ஒரு சொல் பதிலை எதிர்த்துத்தான் இந்தக் கட்டுரை. மெயினை அணைத்துவிட்டால் எந்திரம் செத்துவிட்டது, இனி எங்கு வேண்டுமானாலும் கை வைக்கலாம் என்று மிஸ்திரி நம்புகிறார், ஓட்டல் மேனேஜர் நம்புகிறார், இன்ஜினியரிங் படித்தவர்களில் பலரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கைக்கு ஒரு வாலும் உண்டு. அணைத்த பிறகும் ஒருவனைக் கரண்ட் அடித்தால் அது அவனுடைய கவனக்குறைவு என்பது அந்த வால். தலை வெறும் தொழில்நுட்பப் பிழை. வால் அநியாயம்.

ஒரு நியாயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். இந்த நம்பிக்கை ஒருகாலத்தில் பெருமளவு உண்மையாகவே இருந்தது. பழைய வாஷரில் மூன்று பேஸ் மோட்டார் ஒன்று, பெல்ட், சுற்றும் திசையை மாற்ற இரண்டு கான்டாக்டர், நேரம் பார்க்க ஒரு டைமர், தண்ணீர் விட ஒரு வால்வு, அவ்வளவுதான் இருந்தன. துணியைப் பிழியத் தனியாக ஒரு ஹைட்ரோ நிற்கும். சுவரில் இருக்கும் இரும்புப் பெட்டியின் கைப்பிடியைக் கீழே இழுத்தால் மூன்று பேஸும் அறுந்துவிடும். மோட்டாருக்குள் எதுவும் தங்காது. அந்த எந்திரத்தில் கை பழகியவர்கள்தான் இன்று ஐம்பது, அறுபது வயதில் இளையவர்களுக்குத் தொழில் சொல்லித் தருகிறார்கள். அவர்கள் கற்றதில் தப்பில்லை. எந்திரம் மாறிவிட்டது, பாடம் அப்படியே இருக்கிறது.

இன்றைய வாஷரில் துவைப்பதும் பிழிவதும் ஒரே டிரம்மில் நடக்கின்றன. துவைக்கும்போது டிரம் ஆடி அசைந்து சுற்ற வேண்டும். பிழியும்போது நிமிடத்துக்குப் பல நூறு சுற்று வேகத்தில் பறக்க வேண்டும். ஒரே மோட்டாரை இப்படி ஆட்டிவைப்பதற்காக டிரைவ் என்ற பெட்டி வந்தது. வருகிற ஏசியை அது முதலில் டிசியாக மாற்றுகிறது. அந்த டிசியைப் பருத்த கெப்பாசிட்டர்களில் தேக்கி வைக்கிறது. பிறகு அந்தத் தேக்கத்திலிருந்து, வேண்டிய வேகத்துக்கு ஏற்றபடி துண்டு துண்டாக வெட்டி மோட்டாருக்கு அனுப்புகிறது. 415 வோல்ட் மூன்று பேஸ் உள்ளே போனால் கெப்பாசிட்டரில் தேங்குவது ஏறக்குறைய 587 வோல்ட் டிசி. சிங்கிள் பேஸ் டிரைவ் என்றால் 325. மெயினை அணைக்கும்போது புதிய வரத்துதான் நிற்கிறது. தேங்கியது தேங்கியபடியே இருக்கிறது. அதை வடிப்பதற்கென்று உள்ளே ஒரு மின்தடை உண்டு. அது வேலையை முடிக்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். டிரைவின் முகப்பில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம், பெரிய டிரைவ் என்றால் பதினைந்து நிமிடம் காத்திருக்கும்படி ஒட்டியிருப்பது இதனால்தான். வடிக்கும் மின்தடையே கருகிப்போயிருந்தால் அந்தக் கணக்கும் செல்லாது. நாம் திறப்பது பழுதான எந்திரத்தை. உள்ளே எது கருகியிருக்கிறது என்று தெரியாமல்தான் திறக்கிறோம்.

கொல்கத்தாக்காரர்களுக்கு இதை அவர்கள் ஊரின் கதையாகவே சொல்லலாம். 1899 ஏப்ரல் 17 அன்று எமாம்பாக் லேனில் கல்கத்தா மின்விநியோக நிறுவனம் தன் முதல் மின்நிலையத்தை ஓட்டத் தொடங்கியபோது இந்த நகரத்துக்குக் கிடைத்தது டிசிதான். 1902-ல் டிராமுக்குக் குதிரை போய் மின்சாரம் வந்தது. அதன் தலைக்கு மேல் ஓடிய கம்பியில் 550 வோல்ட் டிசி. நகரத்தின் நடுப்பகுதியில் கடைகளுக்கும் வீடுகளுக்கும்கூடப் பல பத்தாண்டுகள் டிசி வந்துகொண்டிருந்தது. இன்று டிராம் அருகிவிட்டது, டிசி காலமும் முடிந்துவிட்டது என்று ஊர் நினைக்கிறது. டிராம் கம்பியில் இருந்ததைவிடச் சற்று அதிகமான அழுத்தத்தில் அதே டிசி ஒவ்வொரு பெரிய வாஷரின் முதுகுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. டிராம் கம்பியைத் தொட்டுப் பார்க்க எந்த மிஸ்திரியும் ஏணி போட மாட்டார். வாஷரின் பின்பக்கத்தை மட்டும், அணைத்த மறு நிமிடம் திறந்து கை விடுகிறார்.

எவ்வளவு தேங்கியிருக்கும் என்று கேட்கலாம். 500 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 587 வோல்ட்டில் ஏறத்தாழ 86 ஜூல் வைத்திருக்கும். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை நிலைக்குக் கொண்டுவர மேல்மாடி ஐசியுவில் மருத்துவர் நெஞ்சின் மேல் வைத்துக் கொடுக்கும் அதிர்ச்சி பொதுவாக 150 முதல் 200 ஜூல். அதில் கிட்டத்தட்டப் பாதி அளவு, அதே மருத்துவமனையின் அடித்தளத்தில், எந்த மருத்துவரும் பக்கத்தில் இல்லாத அறையில் காத்திருக்கிறது. அது கையிலிருந்து கைக்குப் போகும் வழியில் நெஞ்சு இருக்கிறது.

இதற்கும் தொழிலில் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். ஸ்க்ரூ டிரைவரை இரண்டு முனைக்கும் நடுவே வைத்து ‘ஷார்ட்’ அடிப்பது. பட்டென்று ஒரு சத்தம், ஒரு நீலப் பொறி, ஸ்க்ரூ டிரைவரின் நுனியில் ஒரு குழி. அதைப் பார்த்து உதவியாளர்கள் வியப்பார்கள். தெறித்த உலோகம் கண்ணில் படாமல் போன நாட்களை மட்டும்தான் அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கெப்பாசிட்டர் கதை முடிந்தாலும் மெயின் கதை முடிவதில்லை. எந்த மெயின் என்று ஒருவரும் கேட்பதில்லை. பழைய கட்டடத்தில், அதுவும் மாடிமேல் மாடியாக, வாடகைமேல் வாடகையாக வளர்ந்த நடுக் கொல்கத்தாக் கட்டடத்தில், ஒரே எந்திரத்துக்கு இரண்டு மூன்று வாசல் வழியாக மின்சாரம் வரும். மோட்டாருக்கு மூன்று பேஸ் ஒரு போர்டிலிருந்து வரும், கண்ட்ரோலுக்கு சிங்கிள் பேஸ் இன்னொரு போர்டிலிருந்து வரும். சோப்பு மருந்தைத் தானாக ஊற்றும் டோசிங் பம்பை மருந்து கம்பெனிக்காரன் வந்து மாட்டிவிட்டுப் போயிருப்பான். அதற்குப் பக்கத்துச் சுவரில் தனி பிளக், அதன் ஒயர்கள் வாஷரின் டெர்மினலுக்குள் வந்து முடியும். சில இடங்களில் எலெக்ட்ரானிக் போர்டுக்கு மட்டும் யுபிஎஸ். பெரிய மெயினை அணைத்தவனின் மனச்சான்று சுத்தம்தான். ஆனால் வால்வின் முனையில் 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கும்.

சிங்கிள் பேஸ் எந்திரத்தில் இன்னொரு சூது உண்டு. ஒயரிங் செய்தவன் பேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்திருந்தால், ஸ்விட்ச் அறுப்பது நியூட்ரலை. எந்திரம் ஓடாது, விளக்கு எரியாது, டிரம் அசையாது. பார்ப்பவருக்கு எல்லாம் செத்த மாதிரியே இருக்கும். ஆனால் உள்ளே ஒவ்வொரு முனையும் முழு உயிரோடு இருக்கும். தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டரிலும் இப்படித்தான். மூன்று பேஸில் இரண்டை மட்டும் அறுக்கும் கான்டாக்டர் போட்டிருந்தால், ஹீட்டர் அணைந்ததாகப் பலகை சொல்லும். மூன்றாவது பேஸ் ஹீட்டரின் முனையில் இருந்துகொண்டே இருக்கும். ‘ஸ்டாப்’ பட்டனை அழுத்திவிட்டு மெயினை அணைத்ததாகச் சொல்லும் பையன்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வித்தியாசத்தைச் சொல்லித்தந்தவர் யார்?

கரண்ட் போன நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மணிக்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர் இது. லோட்ஷெடிங் நேரத்தில் வேலையை முடித்துக்கொள்வது ஒரு கெட்டிக்காரத்தனம் என்று அந்தக் காலத்தில் ஆனது. இன்றும் ‘லைன் போயிருக்கு, அதற்குள் மாற்றிவிடு’ என்ற பேச்சு இருக்கிறது. லைன் போனால் ஜெனரேட்டர் வரும். லைன் திரும்பி வருவதற்கும் யாரும் நேரம் குறித்துச் சொல்வதில்லை. மேல்மாடியில் லிஃப்டுக்காக ஜெனரேட்டரைப் போடுகிறவனுக்குக் கீழே ஒருவன் டிரம்முக்குள் தலைவிட்டுக் கிடப்பது தெரியாது.

இவ்வளவுக்கும் மிஸ்திரியிடம் பதில் இருக்கிறது. டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், விளக்கு எரியவில்லை. சட்டைப் பையில் பேனா மாதிரி செருகியிருக்கும் நியான் டெஸ்டர் நம் நாட்டில் நம்பப்படும் அளவுக்கு எந்தக் கருவியும் நம்பப்படுவதில்லை. அந்தச் சின்ன விளக்கு எரிவதற்கு, தொடுகிறவரின் உடல் வழியாகத் தரைக்கு ஒரு துளி மின்சாரம் போயாக வேண்டும். மரப்பலகை மேல் நின்றால் அது மங்கும். வெளிச்சமான இடத்தில் எரிந்தாலும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேல், மெயினிலிருந்து துண்டிக்கப்பட்ட டிரைவின் கெப்பாசிட்டருக்குத் தரையோடு தொடர்பே கிடையாது. 587 வோல்ட் தேங்கியிருக்கும் முனையில் டெஸ்டரை வைத்தால் அது எரியாது. நாம் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்கு முன்னால் இந்தக் கருவி குருடு. மல்டிமீட்டரின் இரண்டு கம்பிகளையும் இரண்டு முனையில் வைத்து, டிசிக்கும் ஏசிக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். அதற்கு முன், உயிரோடு இருப்பதாகத் தெரிந்த ஒரு இடத்தில் அந்த மீட்டரை வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அளந்த பின் மறுபடியும் அதே இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மீட்டரின் கம்பி அறுந்திருந்தாலும் திரையில் தெரிவது அதே சைபர்தான்.

ரப்பர் செருப்பு இன்னொரு பதில். காலிலிருந்து தரைக்குப் போகும் வழியைச் செருப்பு ஓரளவு அடைக்கும். அதுவும் காய்ந்த தரையில், காய்ந்த செருப்பில். சலவை அறையின் தரையில் சோப்புத் தண்ணீர் ஓடுகிறது. ஆடி, ஆவணியில் கொல்கத்தாவில் நீராவி அறையில் வேலை செய்கிறவரின் சட்டை, தோல், செருப்பு எல்லாமே ஈரம். சரி, செருப்பு காய்ந்தே இருக்கட்டும். குனிந்து ஒரு கையை உள்ளே விடும்போது மறு கை எங்கே ஊன்றியிருக்கிறது? எந்திரத்தின் ஸ்டீல் உடம்பில். அந்த உடம்பு எர்த் செய்யப்பட்டது. மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கிவிடும். காலையும் செருப்பையும் அது கேட்கவே கேட்காது.

எம்சிபி காப்பாற்றும் என்பது படித்தவர்களின் பதில், ஆகவே அதிக ஆபத்தானது. ஈரத் தோலோடு உடலின் மின்தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டில் அப்போது ஓடுவது 0.23 ஆம்பியர். பதினாறு ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு மின்விசிறியின் கணக்கு, அது அசையாது. மனிதனுக்கோ அதில் பத்தில் ஒரு பங்கே அதிகம். பிடித்த கம்பியை விட முடியாமல் கை இறுகிப்போகும் அளவை அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் தன்னார்வலர்களை வைத்து அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 0.016 ஆம்பியர், பெண்களுக்கு அதைவிடக் குறைவு. எம்சிபி ஒயரைக் காப்பாற்றப் பிறந்தது. ஒயர் கருகாமல் இருக்கும், ஆள் செத்திருப்பான்.

ஆளைக் காப்பாற்றப் பிறந்தது ஆர்சிசிபி. 0.03 ஆம்பியர் கசிந்தாலே அறுத்துவிடும். அதை மாட்டியும் இருப்பார்கள். ஆனால் டிரைவ் வைத்த எந்திரங்களில் இரைச்சலைக் குறைக்கும் ஃபில்டர் வழியாக எர்த்துக்கு எப்போதும் கொஞ்சம் கசிவு இருக்கும். அதனால் ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். மூன்று நாள் பார்ப்பார்கள். நான்காம் நாள் 0.3 ஆம்பியர் ஆர்சிசிபி வந்து உட்காரும், இல்லையென்றால் அதைத் தாண்டி நேராக ஒயர் போகும். 0.3 ஆம்பியர் தீயைத் தடுக்கும் அளவு, உயிரைத் தடுக்கும் அளவல்ல. சரியான ஆர்சிசிபி இருந்தாலும், பேஸை ஒரு கையிலும் நியூட்ரலை இன்னொரு கையிலும் பிடித்தவனை அதற்கு அடையாளம் தெரியாது. கெப்பாசிட்டரின் அதிர்ச்சியோ அதன் பார்வைக்கே வராது. அப்போதுதான் மெயின் அணைந்திருக்கிறதே!

இதே ஃபில்டரால் இன்னொரு கோளாறும் நடக்கிறது. எர்த் ஒயர் அறுந்த எந்திரத்தைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஒரு கூச்சம் வரும். அது எர்த் போய்விட்டது என்று எந்திரமே சொல்லும் சேதி. அந்தக் கூச்சத்தைப் பழக்கப்படுத்திக்கொண்டு வேலை செய்கிறார்கள். ஹீட்டரின் உறை வெடித்து, உள்ளிருக்கும் பொடி ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கும் நாளில், அந்தக் கூச்சம் வேறு ஒன்றாக மாறிவிடும்.

உண்மையான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதற்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. மின்சாரம் இல்லாமல் எப்படிப் பழுதைக் கண்டுபிடிப்பது? வால்வுக்குக் கட்டளை வருகிறதா, டிரைவ் என்ன பிழை எண் காட்டுகிறது என்பதையெல்லாம் ஓடவிட்டுத்தானே பார்க்க முடியும்? பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அளப்பது வேறு, கை வைப்பது வேறு. ஓடும் எந்திரத்தில் மீட்டரால் அளக்கலாம், அதற்குரிய மீட்டரும் கையுறையும் பக்கத்தில் ஒரு ஆளும் இருந்தால். ஒரு முனையை இறுக்குவதையும், ஒரு ரிலேயைப் பிடுங்குவதையும், ஒயரை ஒதுக்கிப் பார்ப்பதையும் அந்த நிலையிலேயே தொடர்வதற்கு எந்தத் தொழில்நுட்பக் காரணமும் கிடையாது. அவசரம் ஒன்றுதான் காரணம். அதோடு, சலவை எந்திரப் பழுதுகளில் கணிசமானவை செத்த எந்திரத்திலேயே பிடிபடுபவை. ஹீட்டர் அறுந்ததா என்று மல்டிமீட்டர் சொல்லும், கசிகிறதா என்று மெக்கர் சொல்லும். வால்வின் காயில், கதவு ஸ்விட்ச், பெல்ட், பேரிங், கருகிய டெர்மினல், இவற்றில் எதற்கும் 415 வோல்ட் தேவையில்லை. கதவு ஸ்விட்சில் ஒரு துண்டு ஒயரைச் சொருகி, திறந்த எந்திரத்தை ஓட வைப்பதைத் திறமை என்று பாராட்டும் வழக்கம் ஒழிய வேண்டும்.

2025 செப்டம்பர் 22 இரவு தொடங்கி 23 காலை வரை கொல்கத்தாவில் கொட்டிய மழையை ஊர் இன்னும் மறந்திருக்காது. ஒரு நாளுக்குள் 250 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. துர்கா பூஜைக்குச் சில நாட்களே இருந்தன. ஊர் மூழ்கியது, இறந்தவர்களில் பெரும்பாலோர் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள். மின் நிறுவனத்தின் பொறுப்பு என்றார் முதலமைச்சர். வீடு, ஆலைகளின் உள் ஒயரிங்கையும் தெருவிளக்கையும் காட்டியது நிறுவனம். இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். மீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒயரிங் யாருடைய கவலையும் அல்ல என்பது அப்போது எல்லார் கண்ணிலும் பட்டது. அந்த வெள்ளம் வடிந்த மறுநாள் தரைத்தளங்களிலும் அடித்தளங்களிலும் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. பூஜை அவசரம், எந்திரத்தைத் துடைத்து, விசிறி வைத்துக் காயவைத்து, மெயினைப் போட்டுப் பார்ப்பார்கள். சாக்கடை நீர் வற்றினாலும் அதிலிருந்த உப்பும் சேறும் போர்டிலும் கனெக்டரிலும் படிந்திருக்கும். அடுத்த ஈரத்தில் அது மின்சாரத்துக்கு வழிவிடும்.

நம் சட்டம் இதையெல்லாம் அறியாதது அல்ல. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 36-ஆம் விதி என்ன சொன்னது? எந்த மின்கடத்தியையும் கருவியையும் கையாளுவதற்கு முன் எர்த் செய்தோ வேறு தகுந்த வழியிலோ அதன் மின்னூட்டத்தை வடிக்க வேண்டும்; ஆள் வேலை செய்யும்போது தவறுதலாகக்கூட மீண்டும் மின்னூட்டம் ஏறாதபடி தடுக்க வேண்டும். வடிப்பதும் தடுப்பதும் இரண்டுமே அதில் இருக்கின்றன. டிரைவ் வைத்த வாஷர் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே எழுதப்பட்ட விதி. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 ஒழுங்குமுறைகளும் இதே கடமையைத் தொடர்ந்தன. ‘மெயின் ஆஃப்’ போதும் என்று எந்த விதியும் எப்போதும் சொன்னதில்லை. அதைச் சொன்னவர்கள் நாம்.

கவனக்குறைவு என்ற வாலுக்கு வருகிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள்படி சமீப ஆண்டுகளில் இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்கு 12,000 பேருக்குக் குறைவதில்லை. செய்தித்தாளில் அது நான்கு வரி. பழுதுபார்க்கும்போது எதிர்பாராதவிதமாக மின்சாரம் தாக்கியது, போலீசார் விசாரிக்கிறார்கள். அந்த நான்கு வரியில் பூட்டு இருந்ததா, எத்தனை நிமிடம் காத்திருந்தார்கள், எந்திரத்துக்கு எத்தனை வழியாக மின்சாரம் வந்தது என்ற கேள்விகளுக்கு இடமில்லை. ஆள் அனுபவசாலி என்றால் அலட்சியம் என்பார்கள், புதியவன் என்றால் அறியாமை என்பார்கள். எப்படியும் பழி பிணத்தின் மேல்தான். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்கூட இப்படிப் பழி சொல்பவர்களைவிட நியாயமாக நடந்துகொண்டது. குடித்திருந்தான், வேண்டுமென்றே விதியை மீறினான் என்றெல்லாம் சொல்லி முதலாளி இழப்பீட்டை மறுக்க அது இடம் தந்தது உண்மை. ஆனால் தொழிலாளி இறந்துபோனால் அந்தச் சாக்குகள் எதுவும் செல்லாது என்றும் அதே சட்டம் சொன்னது. பிரிட்டிஷ் ஆட்சி எழுதிய சட்டத்துக்கு இருந்த நாகரிகம் நூறு ஆண்டுக்குப் பிறகும் நம் பேச்சுக்கு வரவில்லை.

தவறு செய்யக்கூடிய மனிதனை நம்பி ஒரு ஏற்பாட்டை அமைத்துவிட்டு, அவன் தவறு செய்ததும் திட்டுவது எளிது. அந்தத் தவறுக்கு இடமில்லாமல் செய்யும் கருவி விலை மலிவானது. மின்வரத்தை அறுக்கும் ஐசொலேட்டரின் கைப்பிடியில் ஒரு பூட்டு, அதன் சாவி எந்திரத்துக்குள் கை விடுகிறவரின் பையில். அமெரிக்காவில் 1989-லேயே இது தொழிற்சாலைகளுக்குச் சட்டமானது. சட்டம் இருந்தும் மீறியவர்கள் அங்கும் உண்டு. 2007 மார்ச்சில் ஒக்லஹோமாவின் டல்சா நகரில் சின்டாஸ் நிறுவனத்தின் சலவை ஆலையில், கன்வேயரில் சிக்கிய துணியை விடுவிக்க ஏறிய தொழிலாளி ஓடிக்கொண்டிருந்த பெரிய டிரையருக்குள் விழுந்து இறந்தார். அங்கே கொன்றது மின்சார அதிர்ச்சி அல்ல, சுழற்சியும் சூடும். ஆனால் கேள்வி ஒன்றேதான்: எந்திரம் ஏன் நிறுத்திப் பூட்டப்படவில்லை? அந்நாட்டுத் தொழில் பாதுகாப்புத் துறை அந்த நிறுவனத்துக்கு விதிக்க முன்வந்த அபராதம் 27 லட்சத்து 80 ஆயிரம் டாலர் அளவு. இறந்தவரின் கவனத்தை மட்டும் பேசிக் கோப்பை மூடவில்லை.

இது கொல்கத்தாவுக்கு மட்டும் உள்ள நோய் என்று தமிழ் வாசகர் நினைக்க வேண்டாம். வங்காளத்திலிருந்து ரயிலேறி வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்காக வங்காள எழுத்தில் பலகை மாட்டியிருக்கும் வேலூர் லாட்ஜுகளின் போர்வைகளும் ஏதோ ஒரு எந்திரத்தில்தான் வெளுக்கின்றன. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் இதைவிடப் பெரிய டிரைவுகள் இதைவிட ஈரமான தரையில் நிற்கின்றன. அங்கே கேள்வி ‘மெயின் ஆஃப் பண்ணியாச்சா’ என்று வரும், பதில் அதேதான்.

இந்த நம்பிக்கை ஏன் இவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்றால், அது எல்லோருக்கும் வசதி. காத்திருக்கச் சொல்லும் எச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கிறது. மிஸ்திரி படிப்பது வங்காளமோ இந்தியோ, சில வேளை எதுவுமில்லை. தயாரிப்பாளர் ஒட்டியாயிற்று, அவர் கடமை தீர்ந்தது. முதலாளிக்குப் பத்து நிமிடமும் ஒரு பூட்டும் மிச்சம். மேனேஜர் மேலே வார்டில் போர்வை இல்லை என்ற தொலைபேசிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கீழே வந்து ‘இன்னும் எவ்வளவு நேரம்?’ என்று கேட்பார். அந்தக் கேள்வியை எதிர்த்து நிற்கும் தெம்பு நாள்கூலி மிஸ்திரிக்கு எங்கிருந்து வரும்? மீண்டும் மீண்டும் அவரைப் பயிற்சிக்கு அனுப்பலாம். திரும்பி வந்து அதே மேனேஜருக்கு முன்னால்தான் அவர் நிற்கப் போகிறார்.

ஆகவே என் சண்டை மிஸ்திரியோடு அல்ல. ஓட்டலும் மருத்துவமனையும் எந்திரத்துக்குப் போடும் ஏஎம்சி என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்களைப் பாருங்கள். அழைத்தால் எத்தனை மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும், தாமதமானால் எவ்வளவு பிடித்தம் என்று விலாவாரியாக எழுதுகிறார்கள். அதில் இன்னும் சில வரிகள் சேர்க்கலாம். எந்திரத்துக்கு வரும் எல்லா மின்வழிகளின் படமும் எந்திரத்தின் மேலேயே வங்காளத்திலும் இந்தியிலும் ஒட்டப்பட வேண்டும். ஐசொலேட்டர் பூட்டு போடும் வகையாக இருக்க வேண்டும், பூட்டை நிறுவனம் தர வேண்டும். பூட்டவும் வடியவும் அளக்கவும் ஆகும் நேரம் வேலை நேரம். அதற்குக் கூலி உண்டு, தாமதக் கணக்கில் அது சேராது. பூட்டாமல் திறக்கச் சொன்ன மேனேஜரின் பெயர் பதிவேட்டில் ஏறும். இதை எழுதச் சொல்லும் இடத்தில் மிஸ்திரி இல்லை, கையெழுத்துப் போடும் இடத்தில் மேனேஜர் இருக்கிறார். ஏப்ரலில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் இடங்களுக்கு மழை வர இரண்டு மாதம் இருக்கிறது.